மருந்து பழகிப் போனதா?
புற்றுநோய்ச் செல்கள் மருந்தை எதிர்த்து நிற்கும் விதம்

எந்த நோயானாலும், கொடுத்த மருந்து பயன் தராமல் போனால் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "உடம்புக்கு மருந்து பழகிப் போச்சு." எங்கள் ஜவ்வாது மலையிலும் இதே பேச்சுதான். புற்றுநோய் கண்டு, வேலூருக்கோ சென்னைக்கோ இறங்கிப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு, சில மாதங்கள் நலமாய் இருந்து, பிறகு நோய் திரும்பியவர்களைப் பற்றியும் இப்படியே சொல்கிறார்கள். சில வேளைகளில் பேச்சு இதற்கு மேலும் போய்விடுகிறது. பத்தியம் தவறினாள் என்றும், மனத்தைத் தளர விட்டுவிட்டாள் என்றும் நோயாளியின் மேலேயே பழி விழுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமப் பாடம் படித்தபோது, இந்தப் பேச்சு சரிதானா என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. விடை தேடிப் படித்தவற்றைத் தோழியரோடும் பெற்றோரோடும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மருந்தை எதிர்ப்பது நோயாளியின் உடம்பு அன்று, புற்றுநோய்ச் செல்கள்தாம். அவற்றிலும் பெரும்பாலானவை மருந்தைக் கண்டு பழகுவதில்லை, மடிந்தே போகின்றன. அப்படியானால் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது?

எங்கள் மலையில் சாமை விதைக்கும் கொல்லை ஒன்றை எண்ணிப் பாருங்கள். தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாத் தாளும் ஒன்றுபோலவே தோன்றும். மழை பொய்த்த ஆண்டில்தான் வேற்றுமை தெரியும். பெரும்பகுதி வாடிக் கருக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தாள்கள் கதிர் பிடித்து நிற்கும். அந்த விதையையே அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் விதைத்து வந்தால், நாளடைவில் கொல்லை முழுவதும் வறட்சி தாங்கும் பயிராகிவிடும். வறட்சி அந்தப் பயிருக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. தாங்கும் தன்மை சில விதைகளில் முன்பே இருந்தது. மற்றவை அழிந்ததால் அவற்றுக்கு இடம் கிடைத்தது, அவ்வளவே.

புற்றுநோய்க் கட்டியும் இத்தகைய ஒரு கொல்லைதான். ஒரே செல்லிலிருந்து பெருகியதாயினும், அதன் செல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. செல் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் மரபணுவில் எழுதியிருப்பதை முழுவதுமாகப் படியெடுக்க வேண்டும். நாம் பாடம் எழுதும்போது எழுத்துப் பிழை விழுவதுபோல் அங்கும் பிழை விழுகிறது. நல்ல செல்லில் அந்தப் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு உண்டு. புற்றுநோய்ச் செல்லில் அந்த ஏற்பாடே பல வேளைகளில் கெட்டுக் கிடக்கிறது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டியில், அதாவது நம் சுண்டுவிரல் நுனி அளவுள்ள கட்டியில், ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கக்கூடும். ஒரு குறிப்பிட்ட மருந்தைத் தாங்கும் பிழை 10 லட்சம் செல்களில் ஒன்றுக்கு நேர்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் ஊசி போடும் முன்னரே அந்தக் கட்டிக்குள் 1,000 செல்கள் மருந்துக்கு அஞ்சாதவையாக இருக்கும். மருத்துவர் கைகொண்டு தொட்டு உணரும் முன்னரே நிலைமை இதுதான்.

மருந்து வருவதற்கு முன்பே எதிர்ப்பு இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுகொண்டார்கள்? இதைப் புற்றுநோயில் கண்டுபிடிக்கவில்லை, பாக்டீரியாவில் கண்டார்கள். அமெரிக்காவில் வாழ்ந்த சால்வடோர் லூரியா, மாக்ஸ் டெல்புரூக் என்னும் இரு விஞ்ஞானிகள் 1943-இல் இதை நிறுவினார்கள். பல குழாய்களில் பாக்டீரியாவைத் தனித்தனியே வளர்த்து, பின்னர் அவற்றைக் கொல்லும் வைரஸைச் சேர்த்தார்கள். வைரஸைக் கண்ட பிறகுதான் பாக்டீரியா எதிர்ப்பைப் பெறுகிறது என்றால், எல்லாக் குழாய்களிலும் பிழைத்தவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஆனால் பல குழாய்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு பிழைத்தன, வேறு சிலவற்றில் கூட்டம் கூட்டமாகப் பிழைத்தன. அந்தக் கூட்டக் குழாய்களில், வைரஸ் வருவதற்கு வெகு முன்பே ஒரு பாக்டீரியாவில் பிழை நேர்ந்து, அதன் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் பெருகியிருந்தன. ஒரு நடன நிகழ்ச்சியில் காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்தை வேடிக்கை பார்த்தபோதுதான் லூரியாவுக்கு இந்தச் சோதனை மனத்தில் உதித்ததாம். சூதாட்டத்தால் உலகுக்கு விளைந்த நன்மை இது ஒன்றாகத்தான் இருக்கும்! இவ்விருவரும் ஆல்பிரட் ஹெர்ஷியும் 1969-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

புற்றுநோய் மருந்துகளின் வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. எல்லாப்ரகட சுப்பாராவ் என்னும் மேதை சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியராக இருந்து, பின்னர் அமெரிக்கா சென்று, லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சித் தலைவரானார். நாம் உண்ணும் கீரைகளில் உள்ள ஃபோலிக் அமிலம் இல்லாமல் செல்கள் பெருக முடியாது. சுப்பாராவின் குழுவினர் அந்த அமிலத்தைப் போலவே தோற்றமுள்ள போலிப் பொருள் ஒன்றைச் செய்தார்கள். பூட்டுக்குள் நுழைந்து திரும்ப மறுக்கும் கள்ளச் சாவி போன்றது அது. அதற்கு அமினோப்டெரின் என்று பெயர்.

பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவ அறிஞர் சிட்னி ஃபார்பர் அந்த மருந்தை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது என்று 1948-இல் எழுதினார். அதுவரை அந்த நோய்க்கு எந்த மருந்தும் கேட்டதில்லை. படுக்கையில் கிடந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள் என்றால் பெற்றோரின் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ! ஆனால் அந்த மகிழ்ச்சி சில மாதங்களே நீடித்தது. நோய் மீண்டும் தலைதூக்கியது. அதே மருந்து இப்போது கேட்கவில்லை. சுப்பாராவ் அதே 1948-ஆம் ஆண்டில் காலமானார். அவர் குழுவின் மற்றொரு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் இன்றளவும் நம் மருத்துவமனைகளில் பயன்பட்டு வருகிறது.

அந்தக் கள்ளச் சாவியைச் செல்கள் எப்படி வென்றன என்பது முப்பது ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. ராபர்ட் ஷிம்கி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1978-இல் அதை விளக்கினார்கள். மெத்தோட்ரெக்ஸேட் அடைக்கும் பூட்டு ஒரு நொதி. எதிர்ப்புள்ள செல்கள் அந்த நொதியைச் செய்யும் மரபணுவையே பல படிகளாகப் பெருக்கிக்கொண்டிருந்தன. ஒரு வாசலை அடைத்தால் நூறு வாசல் வைத்துக்கொள்வதைப் போன்ற வேலை இது. இவ்வகை மாற்றம் மருந்தின் நெருக்குதலில் படிப்படியாக வளர்வது. ஆகவே எதிர்ப்பு எல்லாமே முன்பே முழுமையாக இருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. சிறு அளவில் தொடங்கியது, மருந்தின் நிழலில் பெரிதாகிறது.

எங்களை மிகவும் வியக்க வைத்தது மற்றொரு வழி. அதைச் சொல்ல, நமக்குப் பழக்கமான இரண்டு பூக்களிலிருந்து தொடங்க வேண்டும். வேலியோரத்தில் ஆண்டு முழுவதும் பூக்கும் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்கத் தயங்குவோரும் உண்டு. அதன் இலையிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் கிடைத்தன. தமிழ்நாட்டில் இச்செடியை ஏற்றுமதிக்காகவே பயிரிடுகிறார்கள். மற்றொன்று நம் மாநில மலரான செங்காந்தள். அதன் கிழங்கை, அதாவது கண்வலிக் கிழங்கை, நஞ்சென்று சிறு பிள்ளையும் அறியும். அந்த நஞ்சு கோல்ச்சிசின். செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும் ஆற்றல் உடையது.

கனடாவில் ருடால்ஃப் ஜூலியானோ, விக்டர் லிங் என்னும் ஆய்வாளர்கள் கோல்ச்சிசினைத் தாங்கிக்கொள்ளும் வெள்ளெலிச் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். அந்தச் செல்கள், தாம் ஒருபோதும் கண்டிராத வேறு மருந்துகளையும் சேர்த்துத் தாங்கின! காரணத்தை 1976-இல் கண்டார்கள். செல்லின் மேற்சவ்வில் ஒரு புரதம் மிகுதியாக இருந்தது. பி-கிளைக்கோ புரதம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது ஒரு பம்பு. கிணற்றில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிடுவதுபோல், செல்லுக்குள் நுழையும் மருந்தை அது நுழைந்த வேகத்திலேயே வெளியே தள்ளிவிடுகிறது. வின்கிரிஸ்டினையும் தள்ளுகிறது, மருத்துவமனையில் சிவப்பு மருந்து என்று சொல்கிறார்களே, அந்த அட்ரியாமைசினையும் தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் வேதி அமைப்பில் ஒற்றுமை கிடையாது. ஒரு மருந்து கேட்காமல் போனவருக்கு வேறு சிலவும் சேர்ந்து கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இந்தப் பம்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் எல்லோருடைய குடலிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களிலும் அது இருக்கிறது. உணவோடு வரும் நஞ்சை வெளியேற்றி நம்மைக் காப்பதற்கென்று அமைந்த காவல் அது. அந்தக் காவலையே புற்றுநோய் தனக்கு வைத்துக்கொள்கிறது. பம்பை அடைக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று பல ஆண்டுகள் முயன்றார்கள். பம்பை அடைத்தால் உடம்பின் நல்ல செல்களின் காவலும் சேர்ந்து அடைபட்டது. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மருந்து சென்று பொருந்தும் இடத்தின் வடிவை மாற்றிக்கொள்ளும் செல்கள் உண்டு. மருந்து அறுத்த மரபணு இழையை விரைந்து தைத்துக்கொள்ளும் செல்கள் உண்டு. சில செல்கள் பிரியாமல் உறங்கிக் கிடக்கும். பிரியும் செல்லைத் தேடி வரும் மருந்துக்கு உறங்கும் செல் அகப்படுவதில்லை. இன்னும் சில, மருந்து எட்டாத இடத்தில் ஒளிந்துகொள்ளும். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு முதுகுத்தண்டில் ஊசி போடுகிறார்களே என்று தாய்மார் அஞ்சி அழுவது உண்டு. நரம்பு வழியே ஏற்றும் பல மருந்துகள் மூளைக்குள் போதிய அளவு போவதில்லை. அங்கே ஒளிந்த செல்லைத் தேடித்தான் அந்த ஊசி.

இத்தனை வழிகளில் தப்புகிற எதிரியை எவ்வாறு மடக்குவது? வழிகாட்டியது காசநோய். ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தபோது காசநோய்க் கிருமி சில மாதங்களில் எதிர்ப்புப் பெற்றுவிட்டது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது அடங்கியது. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளி வீட்டிலிருந்தபடியே இம்மருந்துகளை ஒழுங்காக உண்டால் போதும், சானடோரியத்தில் படுத்திருப்பவருக்கு நிகராகக் குணமடைவார் என்று உலகுக்குக் காட்டியது.

நாம் முன்னே போட்ட கணக்கையே மீண்டும் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். ஒரு மருந்தைத் தாங்கும் செல் 10 லட்சத்தில் ஒன்று. தொடர்பில்லாத மற்றொரு மருந்தைத் தாங்குவதும் 10 லட்சத்தில் ஒன்று. இரண்டையும் ஒருங்கே தாங்கும் செல்லோ ஒரு லட்சம் கோடியில் ஒன்று. 100 கோடி செல்லுள்ள கட்டியில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பம்பு போன்ற பொதுக் கவசங்கள் இந்தக் கணக்கைக் கெடுக்கும் என்றாலும் அடிப்படை இதுவே. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் என்னும் மருத்துவர்கள் நான்கு மருந்துகளை ஒன்றாகக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். இது கொடுமை என்று சக மருத்துவர்களே எதிர்த்தார்கள். ஆனால் நோய் தணிந்த காலம் மாதங்களிலிருந்து ஆண்டுகளாக நீண்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும், பம்பாய், தில்லி மருத்துவமனைகளும் 1980-களின் நடுவில் இவ்வகைக் கூட்டு மருந்து முறை ஒன்றை நம் நாட்டுக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு கையாளத் தொடங்கின. அடையாற்றில் அதை முன்னின்று நடத்தியவர் டாக்டர் வி. சாந்தா. குணமாகும் குழந்தைகளின் பங்கு அதன்பின் வெகுவாக உயர்ந்தது.

எங்கள் மலைக்கு வடக்கே, கீழே இறங்கினால் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்பது இரத்தப் புற்றுநோய்களில் ஒருவகை. இரத்தப் போக்கால் விரைவில் உயிரைக் குடிக்கும் நோய் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே அஞ்சியது. ஷாங்காய் மருத்துவர்கள் 1988-இல் வைட்டமின் ஏ-யைச் சார்ந்த மருந்து ஒன்று இதில் வியத்தகு பலன் தருவதை வெளியிட்டார்கள். ஆனால் தனியாகக் கொடுத்தால் அதுவும் சில மாதங்களில் தோற்றது. சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களிலிருந்தே வேறொரு பொருளைப் பயன்படுத்தி வந்தார்கள். நம் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாடாணம் என்று சொல்லும் ஆர்சனிக் டிரையாக்ஸைடுதான் அது!

வழக்கமான கூட்டு மருந்துச் சிகிச்சைக்குச் செலவிட இயலாத நோயாளிகள் பலர் வந்த நிலையில், வேலூர் மருத்துவர்கள் 1998 முதல் ஆர்சனிக்கை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விக்ரம் மேத்யூஸ் முதலானோர் 72 நோயாளிகளைப் பற்றி 2006-இல் எழுதிய கட்டுரையில், நூற்றுக்கு 86 பேருக்கு நோய் முழுவதும் தணிந்ததாகக் கண்டிருக்கிறது. தணிந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பவும் இல்லை. பல மருந்து சேர்த்தால்தான் வெல்லலாம் என்று மேலே சொன்னோமே, ஒற்றை மருந்து இங்கே எப்படி வென்றது? ஆர்சனிக், அந்நோய்க்கு வேரான கோணல் புரதத்தையே பற்றி அழித்துவிடுகிறது. வேரறுந்த பின் கிளை எங்கே தழைக்கும்?

அதற்கும் தப்பும் செல்கள் சில உண்டு. ஆர்சனிக் பற்றும் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால்கூடப் பிடி நழுவிவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில் அண்டை அயலாக இருக்கும் நல்ல செல்களே நோய்ச் செல்லுக்கு அடைக்கலம் கொடுத்து மருந்திலிருந்து காப்பதும் உண்டு. அந்த அடைக்கலத்தை உடைக்க, ஆர்சனிக்கோடு போர்ட்டிசோமிப் என்னும் மருந்தைச் சேர்க்கலாமா என்று வேலூரில் ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இது சுத்தப்படுத்தி, அளவு கண்டு, இதயத்துடிப்பைக் கவனித்துக் கொடுக்கும் மருந்து. பாடாணத்தை யாரோ சொன்னார் என்று வீட்டில் கொடுத்தால் அது உயிரை வாங்கும் நஞ்சேதான்.

இனி வீட்டுக்கு வருவோம். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில், காய்ச்சல் விட்டு முடி வளர்ந்து பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை உண்டு. இங்கேதான் பலர் தளர்ந்துவிடுகிறார்கள். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள், மலையிலிருந்து பேருந்து பிடித்து எதற்காகப் போக வேண்டும், ஒரு நாள் கூலி போகிறதே என்று தோன்றுகிறது. அந்த எண்ணத்தை நாங்கள் குறை சொல்லத் துணிய மாட்டோம்; மழைக்காலத்தில் இந்த மலைப்பாதையில் பயணம் செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாதபோதும், பல லட்சம் நோய்ச் செல்கள் மஜ்ஜையில் எஞ்சியிருக்கக்கூடும். அமெரிக்காவில் 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நூற்றில் ஐந்து வேளைக்கு மேல் மாத்திரையைத் தவறவிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. நூற்றில் ஐந்து என்றால் மாதத்தில் ஒன்றரை நாள்!

இவ்வாறு சொல்வதால், நோய் திரும்பியவர்கள் எல்லோரும் மாத்திரையை விட்டவர்கள் என்று யாரும் கொள்ள வேண்டாம். ஒரு வேளைகூடத் தவறாமல் உண்டவர்களுக்கும் நோய் திரும்புகிறது. முதல் நாளிலேயே கட்டிக்குள் இருந்த அந்த ஆயிரம் செல்களுக்கு நோயாளியின் பத்தியமும் தெரியாது, மன உறுதியும் தெரியாது. அப்படி நோய் திரும்பினாலும் கதை முடிந்துவிடுவதில்லை. எந்த வழியில் செல் தப்பியது என்று சோதித்து, அந்த வழியில் தப்ப முடியாத வேறு மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுக்கிறார். சிலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் செய்கிறார்கள். ஆகவே "மருந்து பழகிப் போச்சு, இனி என்ன" என்று வீட்டோடு இருந்துவிடாமல், பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு மீண்டும் அதே மருத்துவரிடம் போவதே முறை. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் உண்டு.

ஆர்சனிக்கை நரம்பு வழியே ஏற்ற வாரக்கணக்கில் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டியிருக்கிறது. அதையே வாய்வழி உண்ணும் மருந்தாக ஹாங்காங்கிலும் சீனாவிலும் செய்து பயன்படுத்தி வருகிறார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்தோ அதற்கும் அப்பால் உள்ள சிற்றூரிலிருந்தோ வேலூருக்கு இறங்கிப் போகும் ஒருவருக்கு, ஊசிக்குப் பதில் மாத்திரை என்பது எத்தனை நாள் கூலியை மிச்சப்படுத்தும் என்று எங்கள் வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கரும்பலகையில் இடம் போதவில்லை.